ஒயினுக்கு ஒரு டபரா போதாதா?

முதல்லயே ஒரு டிஸ்கி. குடி குடியைக் கெடுக்கும். நான் மாசத்துக்கு ரெண்டு கிளாஸ் ஒயின் தாண்டாத ஆளு. அதுவும் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தப்புறம் வந்த பழக்கம். எங்க கோவில்பட்டி வீட்டுக்கு யாரும் போன் போட்டுச் சொல்லிடாதீங்க, புண்ணியமாப் போகும் :-)

நான் இருக்கறது நாசிக். ரூபாய் நோட்டு அடிக்கிற ஊர்னு பாங்க்காரங்களுக்குத் தெரியும். கோதாவரி, கும்பமேளான்னு பக்தர்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு இப்ப இது திராட்சை ஊர், ஒயின் ஊர். ராஜீவ் சாமந்த் 1999-ல சுலாவை ஆரம்பிச்சு, 2000-ல முதல் ஒயினை வெளியே விட்டார். 2001-ல மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்தது. அப்புறம் ஊரைச் சுத்தி ஒயின் ஆலைகளா முளைச்சது. ஞாயித்துக்கிழமையானா மும்பைக்காரங்க காரைப் போட்டுக்கிட்டு வந்து கிளாஸைச் சுத்திச் சுத்தி மோந்து பார்த்துட்டுப் போறாங்க. நாமளும் எத்தனை நாள்தான் ஃபில்டர் காபியை மட்டுமே மோந்துக்கிட்டு இருக்கறது?

ஒயின் வந்த பின்னாடியே ஒயினுக்கான சாமான்களும் வந்துடுச்சு. பாட்டில் வாயில செருகினா காத்தைக் கலந்து ஊத்துற ஏரேட்டர், மிச்ச ஒயினைக் காப்பாத்த காத்தை உறிஞ்சி எடுக்கற பம்ப், சல்ஃபைட்டை எடுத்துடறோம்னு சொல்ற குச்சி, பத்து நிமிஷத்துல புது ஒயினைப் பல வருஷப் பழசாக்குவோம்னு சத்தியம் பண்ற காந்த ஸ்டாண்ட். இதெல்லாம் காசு குடுத்து வாங்கலாமா, வேண்டாமாங்கறதுதான் விஷயம். எனக்கு இதுல ஒரு கருத்து வந்தது ஒரு எஃப்.டி. க்ளோஷர் ஃபார்ம் மூலமா. அந்தக் கதையைச் சொன்னாத்தான் கருத்தும் புரியும்.

எங்க கிளைக்கு வர்ற தமிழ்க் குடும்பங்கள்ல ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி உண்டு. அம்பட் பக்கம் ஒரு தொழிற்சாலையில முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாம சிலதை மாத்தியும் இருக்கேன். கஸ்டமர் ரகசியம் முக்கியம்.) போன வருஷம் ஒரு மதியம் வந்து, நாலு லட்ச ரூபாய் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னாலேயே உடைக்கணும்னு ஃபார்மை நீட்டினார். அது எந்த டெபாசிட்னு எனக்குத் தெரியும். பொண்ணு கல்யாணத்துக்குன்னு மதினி பேரையும் சேர்த்துப் போட்டது. போட்டுக் குடுத்ததே நான்தான்.

"என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை அமைஞ்சிருச்சா?"ன்னு கேட்டேன்.

"அது அமையட்டும் தம்பி. இது வேற. ஒரு டீலர்ஷிப் எடுக்கலாம்னு இருக்கேன்"னு சொல்லி, பையிலருந்து கறுப்பு கலர்ல ஒரு வட்டமான சாமானை எடுத்து மேஜை மேல வெச்சார். அதுதான் காந்த ஸ்டாண்ட். கடை விலை 3,800 ரூபாய். டீலருக்கு 150 பீஸ், நாலு லட்சம். "நாசிக்ல ஒயின் குடிக்கிறவன் எத்தன பேரு! நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க"ன்னார்.

கணக்குப் போடறதுதானே நம்ம பொழைப்பு. 150-ஐயும் வித்தா 5,70,000. லாபம் 1,70,000. ஆனா போட்ட முதல் திரும்பி வரணும்னாலே 106 பீஸ் வித்தாகணும். விக்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்க மாட்டோம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி, எறும்பு சைஸ் எழுத்துல இருந்தது. அதைக் காட்டினேன். "சாமான் நல்லா இருந்தா ஏன் தம்பி விக்காம இருக்கும்?"னார். நியாயமான கேள்வி. அப்ப சாமான் நல்லதான்னுதான் முதல்ல பார்க்கணும். ஃபார்மை ரெண்டு வாரம் என்கிட்டயே வெச்சிருக்கச் சொன்னேன். அதிகாரி வேலை அது இல்ல. ஃபார்ம் குடுத்தா பாஸ் பண்ண வேண்டியதுதான் சட்டம். ஆனா ஊர்க்காரன் வேலைன்னு ஒண்ணு இருக்கே.

அந்த ஞாயித்துக்கிழமை அண்ணாச்சியும் மதினியும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஆயிரம் ரூபாய் கிட்ட விலையுள்ள உள்ளூர் ஷிராஸ் ஒரு பாட்டில். அண்ணாச்சி முதல்ல ஒரு வாய் சும்மா குடிக்கச் சொன்னார். அப்புறம் கிளாஸை ஸ்டாண்ட் மேல பத்து நிமிஷம் வெச்சிட்டு, "இப்பக் குடிச்சுப் பாருங்க"ன்னார்.

உண்மையைச் சொல்லிடறேன். எனக்கும் நல்லாத்தான் இருந்தது. தொண்டையில பிடிக்கற அந்தத் துவர்ப்பு குறைஞ்ச மாதிரி, வாசனை தூக்கலான மாதிரி. "பாத்தியளா!"ன்னு அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பு.

தங்கமணி ஒயினைத் தொடாத ஆளு. சமையலறை வாசல்ல நின்னுக்கிட்டு கேட்டாங்க: "என்னங்க, பாகற்காய் கூட ரெண்டாவது வாய்க்குக் கசப்பு கம்மியாத்தான் தெரியும். அந்தப் பத்து நிமிஷம் கிளாஸைக் காந்தம் இல்லாம சும்மா மேஜையில வெச்சிருந்தாலும் இப்படித்தானே இருந்திருக்கும்?"

கும்பகோணத்துக்காரங்ககிட்ட ருசி விஷயத்துல வாய் குடுக்கக் கூடாது. எனக்குப் பதில் இல்ல.

நாக்கை நம்பி நாம எவ்வளவு ஏமாறுவோம்னு ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டு இருக்காங்க. 2001-ல வெளியான ஒரு ஆய்வு. பிரான்ஸ்ல போர்டோ பல்கலைக்கழகத்துல ஒயின் படிக்கிற 54 மாணவர்கள். அவங்களுக்கு வெள்ளை ஒயினையே வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து குடுத்தாங்க. மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளையே அதுக்கும் எழுதினாங்க. அங்க நாக்கையும் மூக்கையும் முந்திக்கிட்டு கண்ணு தீர்ப்பு எழுதிடுச்சு. 2008-ல அமெரிக்காவுல இன்னொண்ணு. இருபது பேர். ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர்னும் இன்னொரு தடவை 90 டாலர்னும் சொல்லிக் குடுத்தாங்க. 90-ன்னு சொன்னப்போ ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. பொய் சொல்லல, மூளையைப் படம் பிடிச்சுப் பார்த்தப்போ, இன்பத்தோட சம்பந்தப்பட்ட பகுதி நிஜமாவே கூடுதலா வேலை செஞ்சிருக்கு.

அதாவது நாக்கு விலைச்சீட்டையும் சேர்த்துத்தான் குடிக்குது. அப்ப 3,800 ரூபாய் ஸ்டாண்டுக்கு நாக்கை மட்டும் சாட்சி கூப்பிட்டா, அது வாங்கினவன் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

இதுக்கு வழி உண்டு. பி.காம்ல புள்ளியியல் ஒரு பேப்பரா இருந்ததே, அதுல வர்ற ஃபிஷர் ஞாபகம் வந்தார். 1920-கள்ல இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட்ங்கற விவசாய ஆராய்ச்சி நிலையத்துல ஒரு அம்மா, கப்ல முதல்ல பாலை ஊத்தினாங்களா, டீயை ஊத்தினாங்களான்னு குடிச்சே சொல்லிடுவேன்னாங்க. மியூரியல் பிரிஸ்டல்னு பேரு. ஃபிஷர் எட்டு கப் வைக்கற சோதனையை யோசிச்சார். நாலு இப்படி, நாலு அப்படி. கலந்து வெச்சா, எட்டுல நாலைப் பொறுக்கறதுக்கு 70 வழி இருக்கு. குருட்டாம்போக்குல நாலையும் சரியாச் சொல்ல எழுபதுல ஒரு வாய்ப்புதான். 1935-ல வந்த அவரோட புத்தகத்துல இதை வெச்சுத்தான் ஒரு அத்தியாயத்தையே நடத்தியிருக்கார்.

நாங்களும் அதையே பண்ணினோம். ஒரே பாட்டில் ஒயினை ஒரே மாதிரி ரெண்டு கண்ணாடி ஜாடியில பாதி பாதி ஊத்தி, ஒண்ணு ஸ்டாண்ட் மேல, ஒண்ணு தள்ளி அடுப்பு மேடையில, பத்து நிமிஷம். தங்கமணி சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு எட்டு சின்ன கண்ணாடி டம்ளர்ல ரெண்டு ரெண்டு ஸ்பூன் ஊத்தி, அடியில நம்பர் ஒட்டி வெச்சாங்க. எது எதுன்னு அவங்க நோட்டுல மட்டும்தான் இருக்கும். தட்டை எடுத்துட்டு வந்தது நான், எனக்கும் தெரியாது.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நிதானமாப் பண்ணினார். காந்தம் பட்டதுன்னு அவர் எடுத்து வெச்ச நாலுல சரியா இருந்தது ரெண்டு. எனக்கு ஒண்ணு. மதினி எட்டு டம்ளரையும் வரிசையா மோந்து பார்த்துட்டு, "எல்லாம் ஒண்ணு போலத்தான நாறுது"ன்னாங்க.

"எனக்கு இன்னைக்குச் சளி தம்பி"ன்னார் அண்ணாச்சி. அடுத்த ஞாயிறு மறுபடியும். இந்தத் தடவை நாலுக்கு மூணு! "பாத்தியளா, சொல்லுதேன்லா!"

அங்கதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. மூணோ அதுக்கு மேலேயோ குருட்டு அதிர்ஷ்டத்துல வர எழுபதுல பதினேழு வழி இருக்கு. கிட்டத்தட்ட நாலு தடவை விளையாடினா ஒரு தடவை வந்துடும். ரெண்டு வாரத்தையும் சேர்த்தா எட்டுக்கு அஞ்சு. சும்மா கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலே சராசரியா நாலு வரும். இதைச் சொன்னேன். அண்ணாச்சி ஒண்ணும் பேசல. முப்பது வருஷம் உழைச்ச மனுஷன், இனிமே தானா ஒண்ணு செய்யலாம்னு ஆசைப்பட்டு வந்திருக்கார். அவர் முன்னால நோட்டுல கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டறது எனக்கே அசிங்கமா இருந்தது. அவருக்குக் காந்தம் பெரிசில்ல. "உம்ம நாக்கு பொய்"னு நான் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அதுதான் குத்தியிருக்கு.

காப்பாத்தினது தங்கமணி. "இருங்கண்ணே, இன்னும் அரை பாட்டில் திறக்காம இருக்கு. வேற ஒண்ணு பார்த்துடலாம்"னு சொல்லி, எங்க வீட்டு டபரா டம்ளரை எடுத்துட்டு வந்தாங்க. அதே ஒயின்ல அன்னிக்கு வாங்கி வெச்சிருந்த அரை பாட்டிலைத் திறந்து, பாதியை அப்படியே நாலு டம்ளர்ல ஊத்தினாங்க. மீதியை, காபி ஆத்தற மாதிரி ஒரு முழத்துக்குத் தூக்கி, பத்துப் பன்னெண்டு தடவை ஆத்தி நாலு டம்ளர்ல ஊத்தினாங்க. மறுபடி சீட்டு, நம்பர், மூடின கதவு.

அண்ணாச்சி நாலுக்கு நாலு! எழுபதுல ஒண்ணு. எனக்கு மூணு.

"அண்ணாச்சி, உங்க நாக்குல ஒரு குறையும் இல்ல. வித்தியாசம் இருந்தா அது கண்டுபிடிச்சிடுது. காந்தத்துலதான் கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல"ன்னேன். அப்பதான் அவர் முகம் கொஞ்சம் தெளிஞ்சது. இதுல வேடிக்கை என்னன்னா, அவருக்குப் பிடிச்சது ஆத்தாததுதானாம். "ஆத்துனதுல வாசம் போயிருச்சே வே"ன்னார். தம்பியிலருந்து 'வே'க்கு வந்துட்டார்னா கோபம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

சரி, கருத்துக்கு வர்றேன். சாமான்களை நான் இப்படித்தான் பிரிப்பேன்.

காத்து கலக்கறது: இது நிஜமாவே ஏதோ பண்ணுது. மூடின பாட்டில்ல சில சமயம் தங்கியிருக்கிற கந்தக வாடை, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு எல்லாம் காத்துப் பட்டா வெளியேறும். ஏரேட்டர்ல குறுகலான குழாய் வழியா ஒயின் வேகமாப் போறப்போ பக்கத்து ஓட்டை வழியா காத்தை இழுத்துக்கும், அவ்வளவுதான் தத்துவம். ஆனா 'வேற மாதிரி' ஆகறதும் 'நல்லா' ஆகறதும் ஒண்ணு இல்ல. பிரான்ஸோட பெரிய ஒயின் ஆசான் எமில் பெய்னோ (2004-ல காலமானார்), அடியில வண்டல் இருந்தாலொழிய ஜாடிக்கு மாத்தாதீங்க, காத்துப் பட்டா மணம்தான் குறையும்னு வாதாடினவர். அண்ணாச்சி கட்சிதான் அவரும். காத்து வேணும்னா ரெண்டு ஜாடி போதும். ஜாடி இல்லைன்னா டபரா இருக்கு. நான் 1,200 ரூபாய்க்கு வாங்கின ஏரேட்டரையும் டபராவையும் அப்புறம் ஒரு நாள் மோத விட்டோம். ரெண்டு பேராலயும் பிரிச்சுச் சொல்ல முடியல.

காந்தம், மின்காந்தம், 'அதிர்வு' வகையறா: ஒயின்ல பெரும்பகுதி தண்ணி, மீதியில முக்காவாசி சாராயம். பாட்டில்ல வருஷக்கணக்குல மெதுவா நடக்கற வேதி மாற்றத்தை ஒரு மேஜைக் காந்தம் பத்து நிமிஷத்துல நடத்திடும்னு நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கல. டம்ளர்லயும் தெரியல. வேண்டவே வேண்டாம்.

சல்ஃபைட் எடுக்கறது: சிலதுல வேதியியல் சரிதான், சல்ஃபைட் குறையும். ஆனா தலைவலிக்கு அதுதான் காரணம்னு சொல்லி விக்கறாங்களே, அதுக்கு ஆதாரம் பலவீனம். பொதுவா வெள்ளை ஒயின்லதான் சல்ஃபைட் அதிகம். தலைவலி வருதுன்னு ஜனங்க சொல்றது சிவப்புக்கு. ஆஸ்துமாக்காரங்கள்ல சிலருக்கு சல்ஃபைட் நிஜமாவே ஒத்துக்காது. அவங்க டாக்டரைக் கேக்கணும், கடைக்காரரை இல்ல.

மிச்சத்தைக் காப்பாத்தறது: இந்த வகைதான் கொஞ்சம் உருப்படி. ஏன்னா, ருசியைக் கூட்டறோம்னு இதுங்க சொல்லல. கெடாம வைக்கறோம்னுதான் சொல்லுது. அது சோதிச்சுப் பார்க்கக்கூடிய வாக்கு. 2013-ல விற்பனைக்கு வந்த கோராவின், தக்கையை எடுக்காமலேயே ஊசியால குத்தி ஒயினை எடுத்துட்டு, அந்த இடத்தை ஆர்கான் வாயுவால நிரப்பிடும். வேலை செய்யுது. ஆனா விலையும் வாயுக் குப்பியும் கட்டுப்படியாகறது ரொம்ப விலை உயர்ந்த பாட்டில் வெச்சிருக்கவங்களுக்குத்தான். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மூடியை இறுக்கி ஃபிரிட்ஜ்ல வெச்சா ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும்.

அதே ஃபிரிட்ஜ்தான் நம்ம ஊர் வெயிலுக்கு உண்மையான ருசிக் கருவி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்துல குடிக்கணும்னு சொன்னது ஐரோப்பியக் குளிர் வீட்டு அறைக்கு, 16-லருந்து 18 டிகிரி. நாசிக் ஏப்ரல்ல அறையே 32, 33 ஆயிடும். இருபது நிமிஷம், அரை மணி ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்துப் பாருங்க. இதுக்கு எட்டு டம்ளர் சோதனையெல்லாம் தேவையே இல்ல, வித்தியாசம் மூஞ்சியில அறையும்.

சில நண்பர்கள் கேப்பாங்க: "நம்பிக் குடிச்சா மூளை நிஜமாவே சந்தோஷப்படுதுன்னு நீயே சொன்னே. அப்புறம் என்னய்யா கெட்டுப் போச்சு?" நல்ல கேள்வி. ஒருத்தர் தன் காசுல ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பொம்மை வாங்கி சந்தோஷப்பட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா வெளியூர்ல இருக்கற நம்ம ஜனங்க மத்தியில இந்தச் சாமான்கள் அப்படி வர்றதில்ல. தண்ணி மெஷின், காந்த மெத்தை, இப்ப ஒயின் ஸ்டாண்ட், எல்லாமே சங்கக் கூட்டத்துல, பொங்கல் விழாவுல, "நம்ம ஆளு"ங்கற பேர்ல வருது. வேண்டாம்னு சொன்னா மனஸ்தாபம். வாங்கினா வீண். விக்கப் போனா, நம்ம பேரை நம்பி வாங்கறவனுக்கு நாம பதில் சொல்லணும். என் சந்தோஷத்துக்கு என் நம்பிக்கை போதும். அடுத்தவன்கிட்ட காசு வாங்கணும்னா மூடின கதவுக்குப் பின்னால ஊத்தின எட்டு டம்ளர் வேணும்.

இதைத்தான் அன்னிக்கு அண்ணாச்சிகிட்டயும் கேட்டேன். "வாங்க வர்றவர் முன்னால இந்த எட்டு டம்ளரை வெச்சு விப்பீங்களா?" கொஞ்ச நேரம் டம்ளர்களையே பார்த்துக்கிட்டு இருந்தார். மதினி தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த டெபாசிட்ல அவங்க பேரும் இருக்குன்னு யாரும் சொல்லல.

அதுக்கப்புறம் மூணு வாரம் அண்ணாச்சி பாங்க் பக்கமே வரல. போன் போட்டாலும் எடுக்கல. ஒரு நல்ல மனுஷனை இழந்துட்டோமேன்னுதான் நினைச்சேன். நாலாவது வாரம் ஒரு தூக்குவாளியில மதினி செஞ்ச சொதியோட வந்தார். ஃபார்மைத் திரும்ப வாங்கிக்கிட்டு நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். கிழிச்சுப் போடல. "இப்போதைக்கு இருக்கட்டும் தம்பி"ன்னார். பீஸ் எதுவும் எடுக்கலையாம். சாம்பிள் ஸ்டாண்ட் மட்டும் வீட்டுல இருக்காம், மதினி அது மேல உப்பு ஜாடி வெச்சிருக்காங்களாம்.

டெபாசிட் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. வர்ற தையில முதிர்வு.

உங்க வீட்டுலயும் பரண் மேல இப்படி ஏதாவது ஒரு சாமான் தூங்கிக்கிட்டு இருக்கும். இறக்கி, எட்டு டம்ளர் வெச்சுப் பார்த்துட்டு எத்தனை சரியா வந்ததுன்னு எழுதுங்க. ஒயின்தான்னு இல்ல, தண்ணியோ காபியோ எதுவா இருந்தாலும் சரி. ஊத்தி வைக்கற வேலையை மட்டும், அந்தச் சாமானை வாங்கினவர்கிட்ட குடுத்துடாதீங்க.